ஹராரேயின் மரப் பெஞ்சுகள்: பாட்டிகளிடம் மனம் திறக்கும் இளையவர்கள்

ஜிம்பாப்வேயின் தலைநகர் ஹராரேயில் மாநகராட்சி நடத்தும் கிளினிக்குகள் பலவற்றில், கட்டடத்துக்கு வெளியே, கூடுமானவரை மர நிழலில், சாதாரண மரப் பெஞ்சு ஒன்று போடப்பட்டிருக்கும். அதன் ஒரு முனையில் ஐம்பது, அறுபது, சில சமயம் எழுபது வயதைக் கடந்த பெண்மணி ஒருவர் உட்கார்ந்திருப்பார். மறுமுனையில் இருப்பவர் பெரும்பாலும் அவருடைய மகள் வயதையோ பேத்தி வயதையோ ஒத்தவராக இருப்பார். மடியில் குழந்தை இருக்கலாம், கையில் எச்.ஐ.வி. மாத்திரை வாங்கும் அட்டை இருக்கலாம். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு ஊர்ப் பாட்டி ஒருவர் அக்கம்பக்கத்துப் பெண்ணிடம் கதை பேசிக்கொண்டிருப்பதாகத்தான் தோன்றும். ஆனால் அங்கே நடப்பது மனச்சோர்வுக்கான முறைப்படுத்தப்பட்ட சிகிச்சை. உலகின் முன்னணி மருத்துவ ஆய்விதழ்களில் ஒன்றில் சோதனை முடிவுகளுடன் வெளியான சிகிச்சையும்கூட.

'நட்புப் பெஞ்சு' என்ற பெயரில் இன்று பல நாடுகளில் பேசப்படும் இந்த ஏற்பாடு எப்படிப் பிறந்தது, எதனால் பலித்தது என்று பார்ப்பது, சமூகமே முன்னின்று நடத்தும் நல்வாழ்வுப் பணிகள் குறித்து அக்கறை உள்ள எவருக்கும் பயன் தரும். தலைமுறைகளை இணைக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறோம். முதியோர் தினத்தன்று பள்ளிப் பிள்ளைகளை முதியோர் இல்லத்துக்கு அழைத்துச் சென்று பாட்டுப் பாட வைப்பதோடு பெரும்பாலும் அது முடிந்துவிடுகிறது. ஹராரேயில் நடந்தது வேறு வகையானது. இளையவரின் உயிர்போகும் சிக்கலுக்கு முதியவரின் அன்றாட உழைப்பு மருந்தாகவும், அந்த உழைப்பே முதியவருக்குச் சமூகத்தில் ஓர் இடமாகவும் அங்கே அமைந்தது.

இதன் தொடக்கம் துயரமானது. 2005ஆம் ஆண்டில் டிக்சன் சிபாண்டா என்ற இளம் மனநல மருத்துவர் ஹராரேயில் அரசு மருத்துவமனையில் பணியாற்றிக்கொண்டிருந்தார். நாட்டில் அப்போது ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் இருந்தார்கள். மனநல மருத்துவர்களையோ விரல்விட்டு எண்ணிவிடலாம். அவரிடம் சிகிச்சை பெற்றுவந்த இளம்பெண் ஒருவர் மீண்டும் தற்கொலைக்கு முயன்றபோது, உடனே அழைத்து வரும்படி மருத்துவர் குடும்பத்தாரிடம் கூறியிருந்தார். அவர்கள் வரவில்லை. சில வாரங்களில் அந்தப் பெண் இறந்துபோன செய்திதான் வந்தது. ஏன் அழைத்து வரவில்லை என்று கேட்டதற்குத் தாய் சொன்ன பதில், ஹராரேக்கு வரப் பேருந்துக் கட்டணமான 15 டாலர் கையில் இல்லை என்பது. மருத்துவமனைக்குள் உட்கார்ந்து நோயாளி வரட்டும் என்று காத்திருக்கும் தன் தொழிலின் அமைப்பே தவறு என்று தமக்கு உறைத்த தருணம் அதுவே என்று சிபாண்டா பின்னாளில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

அதே 2005இல் நாடு வேறொரு கொடுமையையும் கண்டது. 'குப்பையை அகற்றுதல்' என்று பொருள்படும் 'முரம்பத்ஸ்வினா' என்ற பெயரில் அரசு நகர்ப்புறக் குடிசைகளையும் சாலையோரக் கடைகளையும் இடித்துத் தள்ளியது. ஏறத்தாழ 7,00,000 பேர் வீட்டையோ பிழைப்பையோ இரண்டையுமோ இழந்தார்கள் என்று ஐக்கிய நாடுகள் சபையின் சிறப்புத் தூதர் அறிக்கை அளித்தார். ஹராரேயின் தெற்கில் இருக்கும் இம்பாரே என்ற பழைய, நெருக்கடியான குடியிருப்புப் பகுதியும் இந்த அடியை வாங்கியது. இதற்கு முன்பே எச்.ஐ.வி. அந்த நாட்டைச் சூறையாடியிருந்தது. தொண்ணூறுகளின் இறுதியில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குத் தொற்று இருந்தது. நடுத்தலைமுறை சரிந்து விழ, பெற்றோரை இழந்த பேரப்பிள்ளைகளைப் பாட்டிகள் வளர்க்கும் வீடுகள் தெருவுக்குத் தெரு உருவாயின. பாட்டிகளும் இளையவர்களும் எதிரெதிரே நின்று ஒருவரையொருவர் பார்க்க வேண்டிய நிலையை வரலாறு அந்த மண்ணில் முன்னமே உண்டாக்கியிருந்தது என்பதை மறந்துவிட்டு இந்தப் பெஞ்சின் கதையைச் சொல்ல முடியாது.

2006இல் இம்பாரேயில் ஏதாவது செய்ய வேண்டும் என்று சிபாண்டா அணுகியபோது அவருக்குக் கிடைத்தவை மிகக் குறைவு. செவிலியர்களுக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை. கிளினிக்கின் உள்ளே ஓர் அறைகூடக் காலியில்லை. பணமும் இல்லை. உங்களுக்குத் தர எங்களிடம் இருப்பவர்கள் இந்த 14 பாட்டிகள்தான், வெளியே இருக்கும் முற்றத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பாட்டிகள் வழிப்போக்கர்கள் அல்லர். மாநகராட்சி சுகாதாரத் துறையின் கீழ் ஊர் நலப் பணியாளர்களாக நெடுங்காலம் வேலை பார்த்தவர்கள். காசநோய் மாத்திரை தவறாமல் விழுங்கச் செய்வது, தடுப்பூசிக்குக் குழந்தைகளைக் கூட்டிவருவது, கொதிக்கவைத்த நீரைக் குடிக்கச் சொல்வது என வீடு வீடாக ஏறி இறங்கியவர்கள். மக்கள் அவர்களை 'அம்புயா உடானோ' என்று அழைத்தார்கள். ஷோனா மொழியில் அம்புயா என்றால் பாட்டி, உடானோ என்றால் உடல்நலம். பெரும்பாலானவர்கள் நடுநிலைப் பள்ளி அளவில் படிப்பை நிறுத்தியவர்கள். மனநலம் பற்றி எந்தப் பயிற்சியும் இல்லாத இவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்துவிட முடியும் என்று தொடக்கத்தில் மருத்துவருக்கே ஐயம் இருந்தது.

அந்த ஐயத்தைப் போக்கியவர்கள் அந்தப் பாட்டிகள். முதலில் இதற்கு 'மனநலப் பெஞ்சு' என்று பெயர் வைக்கப்பட்டது. ஒருவரும் வந்து உட்காரவில்லை. பைத்தியம் பிடித்தவர்கள் உட்காரும் இடம் என்ற பேச்சு வந்துவிடும் என்று பாட்டிகள் எடுத்துச் சொன்னார்கள். அவர்கள் தந்த பெயர் 'சிகாரோ செக்குபானமசானோ'. சிகாரோ என்றால் இருக்கை, மசானோ என்றால் யோசனைகள். நடுவில் உள்ள சொல்லை நின்று கவனிக்க வேண்டும். ஷோனாவில் 'குபா' என்றால் கொடுத்தல். அதோடு ஓர் இடைநிலை சேர்ந்து 'குபானா' ஆனால், ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளுதல். ஆகவே அந்தப் பெயரில் அறிவுரை சொல்லும் ஒருவரும் கேட்கும் ஒருவரும் இல்லை. யோசனையைப் பரிமாறிக்கொள்ளும் இருவர் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் 'நட்பு' என்று மாறியபோது இந்த நுட்பம் கொஞ்சம் உதிர்ந்துபோனது என்றே எனக்குத் தோன்றுகிறது.

நோய்க்கு வைத்த பெயரிலும் பாட்டிகள் விட்டுக்கொடுக்கவில்லை. 'டிப்ரெஷன்' என்ற சொல்லைச் சொன்னால் இங்கே யாருக்கும் ஒட்டாது, 'குஃபுங்கிசிசா' என்றே சொல்ல வேண்டும் என்றார்கள். 'குஃபுங்கா' என்றால் நினைத்தல், யோசித்தல். அதன் மிகுதியைக் காட்டும் வடிவமே குஃபுங்கிசிசா, அதாவது அளவு மீறி யோசித்தல். தமிழில் 'மனசு கிடந்து உழப்புது', 'ராத்திரி பூரா யோசனை, தூக்கமே இல்லை' என்று நம் வீடுகளில் சொல்வதற்கு மிக நெருக்கமான சொல் இது. மருத்துவரிடம் 'எனக்கு மனச்சோர்வு' என்று சொல்லிக்கொண்டு வருபவர் நம் ஊரிலும் குறைவு. நெஞ்சு படபடக்கிறது, தலை கனக்கிறது, யோசனை நிற்க மாட்டேன் என்கிறது என்றுதான் வருகிறார்கள். மக்கள் தங்கள் துன்பத்துக்கு வைத்திருக்கும் பெயரிலிருந்து தொடங்குவதா, மருத்துவப் புத்தகம் வைத்திருக்கும் பெயரிலிருந்து தொடங்குவதா என்பது சிறிய கேள்வியாகத் தெரியலாம். பெஞ்சில் ஆள் வந்து உட்காருவதும் உட்காராததும் அதைப் பொறுத்தே அமைந்தது.

இங்கே இந்தியாவோடு ஓர் உண்மையான தொடர்பு இருக்கிறது. தொண்ணூறுகளில் ஹராரேயில் தங்கி ஆய்வு செய்த இந்திய மனநல மருத்துவர் விக்ரம் படேல், உள்ளூர்ச் செவிலியர்களோடும் நாட்டு வைத்தியர்களோடும் சேர்ந்து, மக்கள் பயன்படுத்தும் சொற்களைக் கொண்டே 14 கேள்விகள் அடங்கிய பட்டியல் ஒன்றை உருவாக்கினார். ஷோனா அறிகுறி வினாப் பட்டியல் என்று பெயர் பெற்ற அது, கடந்த ஒரு வாரத்தில் அளவு மீறி யோசித்தீர்களா, கெட்ட கனவு வந்ததா, அற்ப விஷயத்துக்குப் பயந்தீர்களா, அழுதீர்களா, வேலை பின்தங்கிப் போகிறதா, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றியதா என்று ஆம், இல்லை என்ற பதிலுக்கு உரிய கேள்விகளாகக் கேட்கிறது. பெஞ்சில் பாட்டிகள் கையில் எடுப்பது இந்தப் பட்டியலைத்தான். படேல் பின்னர் கோவாவில் 'சங்கத்' என்ற அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவரானார். மருத்துவப் பட்டம் இல்லாத ஆலோசகர்களைக் கொண்டு மனச்சோர்வையும் பதற்றத்தையும் குணப்படுத்த முடியுமா என்று கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்த பெரிய ஆய்வு 2010இல் வெளியானது. ஹராரேயில் பெற்ற அனுபவத்தின் தடம் அதிலும் இருக்கிறது.

பெஞ்சில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை அருகில் சென்று பார்ப்போம். இருபத்து மூன்று வயதுப் பெண் ஒருத்தி வந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். எச்.ஐ.வி. இருப்பது கர்ப்பப் பரிசோதனையில் தெரிந்தது. கணவனிடம் இன்னும் சொல்லவில்லை. வாடகை இரண்டு மாதமாகப் பாக்கி. மாமியார் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. 14 கேள்விகளில் 10க்கு ஆம் என்கிறாள். இந்தச் சிகிச்சையைப் பின்னர் அளந்து பார்த்த பெரிய சோதனையில் 9 'ஆம்' என்பதே எல்லைக்கோடாக வைக்கப்பட்டிருந்தது. பாட்டி அவளைப் பேசவிடுகிறார். 'முசுகுரு', அதாவது பேத்தியே, என்று விளிக்கலாம், கையைப் பிடித்துக்கொள்ளலாம். முதல் கட்டத்துக்குப் பெயர் 'குவூரா புஃபுங்வா', மனத்தைத் திறத்தல். சிக்கல்கள் ஒவ்வொன்றாக வரிசையில் வைக்கப்படுகின்றன. பிறகு பாட்டி கேட்கும் கேள்விதான் இந்தச் சிகிச்சையின் அச்சாணி: இவற்றில் எதை முதலில் எடுத்துக்கொள்ளலாம்?

தேர்ந்தெடுப்பது அந்தப் பெண். கணவனிடம் சொல்வதே பெரிய விஷயம் என்று நாம் நினைக்கலாம். அவளோ வாடகையைத் தேர்ந்தெடுக்கக்கூடும். அதற்கு என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று இருவரும் யோசிக்கிறார்கள். அவற்றுள் கைக்கு எட்டக்கூடிய ஒன்றை எடுத்து, எந்த நாளில், யாரிடம், என்ன செய்வது என்று திட்டம் வகுக்கிறார்கள். அடுத்த வாரம் வந்து நடந்ததைச் சொல்கிறாள். நடக்கவில்லையென்றால் ஏன் நடக்கவில்லை என்று பார்த்து வேறு வழி தேடுகிறார்கள். நிமிர்த்துதல் என்று பொருள்படும் 'குசிமுட்சீரா', வலுவூட்டுதல் என்று பொருள்படும் 'குசிம்பிசா' என்ற அடுத்த கட்டங்கள் அப்போது வருகின்றன. ஒரு சந்திப்பு ஏறத்தாழ முக்கால் மணி நேரம்; ஆறு சந்திப்புகள் வரை. வராதவருக்குத் தொலைபேசி அழைப்புப் போகிறது, தேவைப்பட்டால் பாட்டியே வீட்டுக்கும் போகிறார். தற்கொலை எண்ணம் உள்ளவர்களைத் தம்மிடமே வைத்துக்கொள்ளாமல் மேற்பார்வையாளரிடமும் செவிலியரிடமும், அங்கிருந்து மருத்துவரிடமும் அனுப்புவதற்குத் தெளிவான நடைமுறை இருக்கிறது.

சிக்கல் தீர்க்கும் சிகிச்சை என்ற பெயரில் மனநல மருத்துவத்தில் ஏற்கெனவே இருந்த முறைதான் இது. ஆனால் ஒரு பாட்டி இதைச் செய்யும்போது அவர் கற்றுக்கொள்ள வேண்டிய கடினமான விஷயம் வேறு. வாழ்நாள் முழுவதும் புத்தி சொல்லிப் பழகியவர் அந்த முக்கால் மணி நேரமும் புத்தி சொல்லாமல் இருக்க வேண்டும். 'புருஷனை விட்டுக்கொடுத்துப் போ', 'கடவுளிடம் சொல்லிவிடு' என்று நாக்கு நுனியில் வரும் வாக்கியங்களை விழுங்கிவிட்டு, 'நீ என்ன நினைக்கிறாய்' என்று கேட்க வேண்டும். ஒரு வாரத்துக்குச் சற்று மேற்பட்ட பயிற்சியும், அதற்குப் பிறகு தொடர்ந்து நடக்கும் மேற்பார்வையும் பெரிதும் இதற்கே தேவைப்படுகின்றன. முதியவர்களின் அனுபவத்தைப் போற்றும் நம்மில் பலர் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை. அனுபவம் தானாகவே ஆறுதலாகிவிடாது; அது பல நேரம் இளையவரை அமுக்கும் பாரமாகவும் ஆகும். பாட்டியின் மதிப்பை வைத்துக்கொண்டு அவருடைய தீர்ப்பை மட்டும் ஒதுக்கிவைக்கக் கற்றுக்கொடுத்ததில்தான் இம்பாரேயின் திறமை இருக்கிறது.

பலன் இருக்கிறதா என்று அளந்தும் பார்த்தார்கள். 2011இல் வெளியான முதற்கட்ட ஆய்வில் 320 பேரிடம் 14 கேள்விகளுக்கான சராசரி மதிப்பெண் 11.3இலிருந்து 6.5ஆகக் குறைந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாததால் அதைக் கொண்டு மட்டும் உறுதியாக எதையும் சொல்ல முடியாது. நாள் கடந்தால் சிலருக்குத் தானாகவே சரியாகிவிடும். ஆகவே ஹராரேயின் 24 கிளினிக்குகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் பெஞ்சும் மறுபாதியில் சற்று மேம்படுத்தப்பட்ட வழக்கமான சிகிச்சையும் தரப்பட்ட பெரிய சோதனை நடந்தது. அதன் முடிவு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் 2016 டிசம்பரில் வெளிவந்தது. பங்கேற்ற 573 பேரில் நூற்றுக்கு 86க்கும் மேற்பட்டோர் பெண்கள். வயதின் நடுமதிப்பு 33. ஐந்தில் இருவருக்கும் மேல் எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்பவர்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களின் சராசரி மதிப்பெண் 8.90, பெஞ்சில் அமர்ந்தவர்களுடையது 3.81. மனச்சோர்வின் அறிகுறிகள் வழக்கமான சிகிச்சைக் குழுவில் 49.9 சதவீதத்தினரிடம் இருந்தன, பெஞ்சுக் குழுவில் 13.7 சதவீதத்தினரிடம்.

இந்த எண்களைப் படிக்கும்போது இரண்டு எல்லைகளையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும். ஆறு மாதத்துக்குப் பிறகு என்ன ஆனது என்பதை அந்தச் சோதனை சொல்லவில்லை. ஆண்கள் மிகக் குறைவாகவே இருந்ததால், ஆண்களுக்கும் இது இதே அளவில் பலிக்கும் என்று அதிலிருந்து முடிவு கட்டவும் இயலாது. கிளினிக்குக்குப் பகலில் வருபவர்கள் பெரும்பாலும் பெண்கள். வேலையில்லாத் திண்டாட்டத்தில் மனமுடைந்து மதுவில் விழும் இளைஞன் அந்த முற்றத்துப் பக்கம் எளிதில் வரமாட்டான். அவனை எட்டுவது இன்னும் தீராத கேள்வியாகவே இருக்கிறது.

பாட்டிகள் ஏன் இதற்குப் பொருத்தமானவர்களாக அமைந்தார்கள்? குறைந்த செலவு என்பது பலரும் உடனே சொல்லும் விடை. அது உண்மையே என்றாலும் அடிப்படையான விடை ஆகாது. ஜிம்பாப்வே போன்ற நாட்டில் பயிற்சி பெறும் இளம் மருத்துவரும் செவிலியரும் தென்னாப்பிரிக்காவுக்கோ பிரிட்டனுக்கோ போய்விடுகிறார்கள். பயிற்சி பெற்ற இளம் தொண்டரும் நல்ல வேலை கிடைத்தவுடன் நகர்ந்துவிடுவார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாட்டி போகமாட்டார். அவருடைய வீடு, தேவாலயம், தோழியர், கல்லறையில் உறங்கும் பிள்ளைகள் எல்லாம் அந்தத் தெருக்களில்தான் இருக்கின்றன. அவரிடம் போட்ட முதலீடு அந்த மண்ணிலேயே தங்குகிறது. அடுத்தது, அவர் துன்பத்தைப் புத்தகத்தில் படித்தவர் அல்லர். பிள்ளையைப் பறிகொடுத்தவர், வீடு இடிபட்டவர், பேரனுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வழியில்லாமல் நின்றவர். தன் எதிரே இருப்பவரும் அந்தப் பள்ளத்தைத் தாண்டியவர் என்பதை இளம்பெண் அறிவாள். இதைச் சம்பளத்துக்கு நியமித்துப் பெற முடியாது.

இந்த உறவு ஒருவழிப் பாதையாகவும் இல்லை. நாள்தோறும் பிறர் துயரத்தைக் கேட்கும் பாட்டிகளுக்கு அது நஞ்சாகச் சேராதா என்ற கவலை நியாயமானது, ஆய்வாளர்களும் அதைக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். நம் வாழ்வுக்கு ஓர் அர்த்தம் கிடைத்திருக்கிறது, அக்கம்பக்கத்தில் மதிப்பு கூடியிருக்கிறது, கற்றுக்கொண்ட முறையை நம் சொந்த வீட்டுச் சிக்கலுக்கும் பயன்படுத்துகிறோம் என்ற பொருளில் பாட்டிகள் பேசியிருக்கிறார்கள். முதுமையில் தனிமையும் பயனற்றுப் போனோம் என்ற எண்ணமும் எவ்வளவு ஆழமாக உடலையும் மனத்தையும் அரிக்கும் என்பதை வீட்டில் வயதானவர்களை வைத்திருக்கும் எல்லாரும் அறிவோம். மக்கள் தங்கள் நலத்தின் மீது தாங்களே ஆளுகை பெறச் செய்வதுதான் நல்வாழ்வு மேம்பாடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் மாநாட்டில் உருவான 1986ஆம் ஆண்டின் ஒட்டாவா சாசனம் வரையறுத்தது. இம்பாரே முற்றத்தில் அந்த வரையறை பெஞ்சின் இரு முனைகளிலும் உண்மையாகிறது.

பாட்டிகளைப் பொதுச் சுகாதாரத் துறை இப்படிப் பார்ப்பது புதிது. தாய் சேய் நலத் திட்டங்கள் பல பத்தாண்டுகளாக இளம் தாயை மட்டும் தனியே அழைத்து வைத்துப் போதித்தன. வீட்டில் இருக்கும் மூத்த பெண்ணைப் பழைய பழக்கத்தின் காவலாளி, முன்னேற்றத்துக்குத் தடை என்று எழுதிவைத்தன. மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலில் தொண்ணூறுகளில் மாறாக ஒரு முயற்சி நடந்தது. பாட்டிகளை முதலில் பாராட்டிப் பாட்டும் கதையுமாகக் கூட்டங்கள் நடத்தி, அவர்களுடைய அறிவை ஒப்புக்கொண்டு, அதோடு கர்ப்ப கால ஓய்வு, உணவு, தாய்ப்பால் பற்றிய புதிய செய்திகளைக் கலந்துரையாடினார்கள். பாட்டிகள் பங்கேற்ற ஊர்களில் கர்ப்பிணிகளின் வேலைப் பளுவைக் குறைப்பதிலும் குழந்தைக்கு உணவூட்டும் பழக்கத்திலும் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. இந்த முயற்சியின் பின்னணியில் இருந்த ஆய்வாளர் ஜூடி ஓபல் பின்னர் தொடங்கிய அமைப்பு, செனகலின் தெற்கில் வெலிங்கரா பகுதியில் முதியவர்களையும் இளையவர்களையும், ஆண்களையும் பெண்களையும் ஒன்றாக உட்காரவைத்து, சிறுவயதுத் திருமணம், பெண்ணுறுப்புச் சிதைப்பு போன்றவற்றைப் பேசவைக்கிறது. வெளியிலிருந்து வந்தவர் தடை செய்யச் சொன்னபோது அசையாத பழக்கங்களை, ஊரின் மூத்தவர்களே கூடிப் பேசி மாற்றிக்கொள்ளும்போது அதன் நிலைப்பே வேறாகிறது.

இளையவர்களையே ஆலோசகர்களாக்கினால் என்ன என்ற கேள்விக்கும் ஜிம்பாப்வேயில் விடை தேடினார்கள். எச்.ஐ.வி.யுடன் வாழும் இளைஞர்களே அதே நிலையில் உள்ள வளரிளம் பருவத்தினருக்குத் துணையாக நிற்கும் 'ஸ்வாண்டிரி' என்ற திட்டம் அங்கே ஏற்கெனவே இருந்தது. பெஞ்சில் பாட்டிகள் பயன்படுத்தும் அதே சிக்கல் தீர்க்கும் முறையை அந்த இளைஞர்களுக்கும் கற்றுக்கொடுத்துச் சோதித்தார்கள். 2022இல் வெளியான முடிவின்படி, உடலில் வைரஸ் அளவு கட்டுப்படுவதில் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் மனத் துன்பத்தின் அறிகுறிகள் குறைந்திருந்தன. பாட்டிகளிடம் வளர்ந்த முறை இளையவர்கள் கைக்குப் போனபோதும் வேலை செய்தது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. காதல், பாலுறவு, ரகசியமாக வைத்திருக்கும் நோய் ஆகியவற்றைப் பற்றிப் பாட்டியிடம் பேசக் கூசும் பதினாறு வயதுக்கு வேறொரு முகம் தேவைப்படலாம். தலைமுறைகள் சேர்வது என்றால் எல்லாக் காரியத்துக்கும் மூத்தவரையே அமர்த்துவது என்று பொருளில்லை.

பெஞ்சு இன்று மலாவி, சான்சிபார், நியூயார்க் என்று பரவியிருக்கிறது. 2022இல் கத்தாரில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியின்போது, பங்கேற்ற 32 அணிகளைக் குறிக்கும் வகையில் 32 பெஞ்சுகளை உலக சுகாதார நிறுவனம் அங்கே வைக்க ஏற்பாடு செய்தது. மனநலம் பற்றிய பேச்சை வெளிச்சத்துக்குக் கொண்டுவர அத்தகைய அடையாளங்களுக்கு ஒரு பயன் உண்டு. ஆனால் பெஞ்சைச் செய்வது எளிது. அதில் உட்காருபவருக்குப் பயிற்சி, மாதந்தோறும் தவறாத மதிப்பூதியம், தளர்ந்தால் தாங்கும் மேற்பார்வையாளர், ஆபத்தென்றால் அனுப்பிவைக்க ஒரு மருத்துவர் ஆகியவை இருக்கின்றனவா என்றுதான் எந்த ஊரிலும் முதலில் கேட்க வேண்டும். அன்பும் அனுபவமும் இருக்கிறதே என்று சொல்லி மூத்த பெண்களின் உழைப்பை இலவசமாக எடுத்துக்கொள்ளும் ஆசை அரசுகளுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் எப்போதும் உண்டு. அதற்கு இடம் கொடுத்தால், பாட்டியின் தோளில் இன்னொரு சுமை ஏறியதே மிச்சமாகும். அதேபோல் வாடகைப் பாக்கியும் வேலையின்மையும் பேசித் தீர்வன அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். சிக்கலைச் சிறு துண்டாக்கி ஒன்றைப் பிடித்துக்கொள்ள மனத்துக்குத் தெம்பு தருவதுதான் பெஞ்சால் ஆகும். மீதி, அரசு செய்ய வேண்டியது.

தமிழ்நாட்டிலும் இந்த வழியின் சாயல் கொண்ட ஒரு முயற்சி பதிவாகியிருக்கிறது. 1986இல் சென்னையில் 'சினேகா' தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கிய மருத்துவர் லட்சுமி விஜயகுமார், இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமில் நடத்திய ஆய்வில், முகாம்வாசிகளிடமிருந்தே தொண்டர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, ஆபத்தில் இருப்பவர்களைத் தொடர்ந்து சந்தித்துப் பேசவும் பாதுகாப்புத் திட்டம் வகுக்கவும் செய்தார். அங்கே பாட்டிகள்தான் என்ற நிபந்தனை இல்லை. ஆனால் துன்பப்படுபவர் வாழும் வரிசையிலேயே வாழும் ஒருவர், கற்றுக்கொண்ட ஒரு முறையோடு, திரும்பத் திரும்ப வந்து கதவைத் தட்டுகிறார் என்ற அடிப்படை ஒன்றுதான்.

இம்பாரேயில் பெஞ்சுச் சந்திப்புகள் முடிந்தவர்களை அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிடுவதில்லை. 'குபட்டானா டோசே', அதாவது கைகோத்து நிற்போம், என்ற பெயரில் கூடும் வட்டம் ஒன்றுக்கு அழைக்கிறார்கள். இதே பெஞ்சில் முன்பு உட்கார்ந்து எழுந்த பெண்களே அந்த வட்டத்தை நடத்துகிறார்கள். பயன்படுத்தி வீசப்பட்ட பிளாஸ்டிக் பைகளை நாடாவாக வெட்டி, கொக்கி ஊசியால் பின்னிக் கைப்பைகள் செய்கிறார்கள். அவற்றை விற்றுச் சிறிது காசு பார்க்கிறார்கள். புதிதாக வந்தவள் முதல் நாளில் பேசாமல் இருக்கலாம். அவள் கையில் ஒரு கொக்கி ஊசியைக் கொடுத்து, முதல் முடிச்சை எப்படிப் போடுவது என்று பக்கத்தில் இருப்பவள் காட்டுவாள்.